கொழும்பில் ஓர் அறைக்கு ஆறு மாத முற்பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். 25 வருடம் கொழுந்து பறித்தேன். கடைசி ஆறு வருடம், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒன்பதாம் வகுப்புவரைதான் படித்தேன், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கடிதம் நீண்டுவிட்டது. ஆனாலும் வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் காலையில் எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் சங்கு ஊதினார்கள். ஐந்து வயதுப் பேத்தி போர்வைக்குள் இருந்து தலையை நீட்டி, "அம்மாயி, கப்பல் வந்துருச்சா?" என்று கேட்டாள். அவள் பதினான்கு மாதம் கொட்டாஞ்சேனையில் தாய் தகப்பனோடு இருந்தாள். அங்கே துறைமுகத்தில் கப்பல் ஊதுவது அறைக்குள் கேட்கும். அதை இன்னும் மறக்கவில்லை. இப்போது தாயும் தகப்பனும் கொழும்பில், பிள்ளை என்னோடு தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில். ஏன் இப்படி ஆனது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மகள் புறக்கோட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடையில் பில் போடுகிறாள். சம்பளம் 34,000 ரூபாய். மருமகன் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு ஸ்டோரில் சாமான் ஏற்றி இறக்கும் கணக்கைப் பார்க்கிறார். அவருக்கு 48,000. கல்யாணத்துக்கு முன்னால் மகள் ஒரு போர்டிங்கில் ஆறு பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்தாள். மருமகன் வேலை செய்த கடையின் மேல்மாடியில், துணிக்கட்டுகளுக்கு நடுவில் பாய் போட்டுப் படுத்தவர். எங்கள் பக்கத்துப் பையன்கள் அநேகம் பேர் கொழும்பில் அப்படித்தான் இருக்கிறார்கள். தனி ஆளாக இருக்கும்வரை அது ஓடும். கல்யாணம் கட்டி, ஒரு பிள்ளையும் பிறந்த பிறகு எங்கே போவது?

2023 தைப்பொங்கல் முடிந்ததும் வீடு தேட நானும் அவர்களோடு போனேன். ஹட்டனிலிருந்து முதல் பஸ் எடுத்து, கினிகத்தேனை, அவிசாவளை வழியாகப் போய் இறங்கினோம். மூன்று நாள் கிராண்ட்பாஸில் ஒரு சொந்தக்காரர் அறையில் தங்கிக்கொண்டு நடையாக நடந்தோம். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, ஆமர் வீதி, புளூமெண்டால், முகத்துவாரம். மொத்தம் பதினோரு இடம் பார்த்தோம். தரகர் ஒருவர் கூட வந்தார். வீடு காட்டுவதற்கு மட்டும் நாளைக்கு ஆயிரம் ரூபாய், வீடு சரிவந்தால் ஒரு மாத வாடகை அவருக்கு.

கதவைத் திறந்ததும் எல்லோரும் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். எத்தனை பேர்? சின்னப் பிள்ளை இருக்கிறதா? என்ன வேலை? பிறகு அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார்கள். அதில் டிவிசன், அதாவது தோட்டத்துப் பிரிவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். அதைப் பார்த்ததும் சிலருடைய குரல் மாறிவிடும். "தோட்டத்து ஆக்களா? ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்து வந்து தங்குவீங்களே" என்றார் ஓர் அம்மா. அவரும் தமிழர்தான். எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். பக்கத்துத் தெருவில் ஒரு சிங்களப் பெரியம்மா எங்களை உட்காரவைத்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, மகன் ஒத்துக்கொள்ளமாட்டான் என்பதால் தர முடியவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அவரை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை கிடைத்தது. ஒரு பழைய வீட்டின் மேல்தட்டைப் பலகை வைத்து மூன்றாகத் தடுத்திருந்தார்கள். எங்களுக்கு நடு அறை, ஜன்னல் இல்லை. கேஸ் அடுப்பை நடைபாதையில்தான் வைக்க வேண்டும். மலசலகூடம் மூன்று குடும்பத்துக்கும் ஒன்று. கரண்டுக்குத் தனியாக ஒரு சின்ன மீற்றர், யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை. வாடகை மாதம் 22,000. பிள்ளையோடு இருக்கலாம் என்று சொன்னாரே, அதற்காகவே சரி என்றோம். முற்பணம் ஆறு மாத வாடகை, 132,000 ரூபாய். ஒரே தடவையில் கையில் வைக்க வேண்டும்.

அந்தப் பணம் என்னுடைய ஊழியர் சேமலாப நிதியிலிருந்து போனது. கூரைத் தகரம் மாற்றுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம். நான் ஓய்வு பெற்றபோது நாட்சம்பளம் 1,000 ரூபாய். அப்படியென்றால் 132,000 ரூபாய் 132 "பேர்", அதாவது 132 நாள் கூலி. பத்திரிகை படிக்கிற நகரத்து ஆட்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். கேட்ட அளவு கொழுந்து பறித்துக் கொடுத்தால்தான் எங்களுக்கு அன்றைக்கு முழுப் பேர் விழும், குறைந்தால் அரைப் பேர். எங்கள் மலையில் முழுப் பேருக்கு 18 கிலோ. ஆக 2,376 கிலோ கொழுந்து, ஒரு நாளும் குறையாமல் பறித்தால். மழை நாள், அட்டை கடித்த நாள், வேலை கொடுக்காத நாள் எல்லாவற்றையும் கழித்தால் கிட்டத்தட்ட ஏழு மாதத்து உழைப்பு. பாதிச் சுவர் பலகையாக இருக்கும் அறையின் கதவைத் திறக்க மட்டும் அவ்வளவு. தரகருக்கு 22,000, முதல் மாத வாடகை 22,000 என்று அதற்கு மேலும் போனது.

சரி, குடும்பம் ஒன்றாகச் சேர்ந்ததே, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நான் மலைக்குத் திரும்பினேன். பேத்தி பக்கத்தில் ஒரு பாலர் பாடசாலைக்குப் போனாள். மகள் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். பதினான்கு மாதம் அப்படிப் போனது. 2024 சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னால், தன் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், ஒரு மாதத்துக்குள் அறையை விட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

ஒப்பந்தம் என்று எங்களிடம் இருந்தது ஒரு கொப்பித் தாளில் பாதி. தொகையும் திகதியும் வீட்டுக்காரர் கையெழுத்தும் மட்டும். எத்தனை மாதம் இருக்கலாம், எப்போது திருப்பித் தருவார், என்ன கழிப்பார் என்று ஒரு வரி கிடையாது. சுவருக்குப் பெயின்ட், உடைந்த பூட்டு, தண்ணீர்க் குழாய் என்று சொல்லி 40,000 ரூபாய் கழித்தார். மீதி 92,000த்தையும் உடனே தரவில்லை. மூன்று தவணையாகத் தருவதாகச் சொன்னார், கடைசித் தவணையில் 12,000 இன்றுவரை வரவில்லை.

எங்களை உண்மையில் உடைத்துப்போட்டது அந்த 40,000 கூட இல்லை. பழைய இடத்து முற்பணம் கைக்கு வருவதற்கு முன்பே புது இடத்துக்கு முற்பணம் கட்ட வேண்டியிருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு இரண்டு முற்பணம் ஒரே நேரத்தில் எங்கிருந்து வரும்? இரண்டாவது அறைக்கு வாடகை 24,000, முற்பணம் 144,000. என் காதுத் தோடும் மகளின் இரண்டு வளையலும் அடகுக்குப் போயின. அப்படியும் கிடைத்தது "பிள்ளை வேண்டாம்" என்ற நிபந்தனையோடு கூடிய அறை. கீழே வீட்டுக்காரரின் வயதான தகப்பனார் படுக்கையில் இருக்கிறார், மேலே பிள்ளை ஓடினால் அவருக்கு ஆகாது என்றார்கள். ஒரு நோயாளி இருக்கும் வீட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. அன்று இரவே பேத்தியை என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு மகள் அடுத்த நாள் காலை பஸ்ஸில் திரும்பினாள். பஸ் போன பிறகு பிள்ளை ரோட்டிலேயே நின்றதை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

பிள்ளைக் காம்பராவில் ஆறு வருடம் அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்தேன். தாய்மார் கொழுந்துக்குப் போய்விட்டு நாலரை, ஐந்து மணிக்கு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது எங்கள் லயத்தில் என்னைப் போலப் பேரப்பிள்ளைகளை வளர்க்கிற கிழவிகள் நாலு பேர் இருக்கிறோம். அந்தத் தாய்மார் சாயந்தரம் வருவதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறார்கள்.

இந்த வருடம் மார்ச்சில் மூன்றாவது தடவையாகத் தேடினோம். பிள்ளைக்கு அடுத்த வருடம் தரம் ஒன்று. ஹெந்தளைப் பக்கம் இரண்டு அறையும் குசினியும் உள்ள சின்ன வீடு ஒன்று, வாடகை 45,000. அதுவே இருவருடைய சம்பளத்தில் பாதிக்கு மேல். எப்படியாவது சமாளிக்கலாம் என்று மருமகன் சொன்னார். ஆனால் முற்பணம் ஒரு வருட வாடகை கேட்டார்கள். 540,000 ரூபாய். அத்தோடு பேச்சு முடிந்தது.

குறைந்த முற்பணத்துக்கு வீடே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொலன்னாவை, வெல்லம்பிட்டி, சேதவத்தைப் பக்கம் போனால் இரண்டு மாத முற்பணத்துக்குத் தருகிறார்கள். ஓர் இடத்தில் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது. என்ன இது என்று கேட்டேன். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வந்து நின்ற தண்ணீரின் அடையாளம் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அதே கொலன்னாவையில்தான் அடுத்த வருடம் சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. மண் சரியும் என்று மழை நாளில் தூங்காமல் இருந்து பழகிய எனக்கு, மகளை அந்தக் கோட்டுக்குக் கீழே குடிவைக்க மனம் வரவில்லை. ஏழைக்குக் கட்டுப்படியாகிற வாடகை கொழும்பில் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

தொடர்மாடி வீடுகள் இருக்கின்றனவே என்று சிலர் சொன்னார்கள். மகளோடு வேலை செய்யும் ஒரு பிள்ளை தெமட்டகொடைப் பக்கம் பெரிய தொடர்மாடி ஒன்றில் வாடகைக்கு இருக்கிறாள். நானும் போய்ப் பார்த்தேன். லிப்ட் பழுது, பத்தாவது மாடிவரை ஏறினோம். ஆனால் உள்ளே தனிக் குசினி, தனி மலசலகூடம், காற்று வரும் ஜன்னல் எல்லாம் இருந்தது. எனக்கு அரண்மனை மாதிரி தெரிந்தது. வாடகை எவ்வளவு என்று கேட்டால் 25,000, ஆனால் ரசீது கிடையாது. அந்த வீட்டை வாடகைக்கு விட அதைப் பெற்றவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் யாராவது வந்து கேட்டால் "சொந்தக்காரர்" என்று சொல்ல வேண்டுமாம். நாளைக்கே எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டியதுதான்.

அந்த வீடுகளைப் பெற்ற மக்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களும் எங்களைப் போல்தான். கொழும்பில் தோட்டங்கள் என்று சொல்வார்கள், நம் தேயிலைத் தோட்டம் போல் இல்லை, வத்தை என்கிற சேரிக் குடியிருப்புகள். அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். 2001ஆம் ஆண்டளவில் பொரளைப் பக்கம் சஹஸ்புர என்ற உயர்ந்த மாடியைக் கட்டி, 600க்கு மேற்பட்ட குடும்பங்களை அதில் குடியேற்றினார்கள். பிறகு 2010க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகார சபை கொழும்பில் இப்படி 68,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் இருப்பதாகக் கணக்கெடுத்து, அவர்களை மாடிகளுக்கு மாற்றும் பெரிய திட்டத்தைத் தொடங்கியது. பலர் விரும்பியா போனார்கள்? முற்றத்தில் இடியப்பம் அவித்து விற்றவர் பன்னிரண்டாம் மாடியில் என்ன செய்வார்? மாதத் தவணையும் கட்ட வேண்டும். அது தனிக் கதை, அவர்களே சொல்ல வேண்டியது.

என் கேள்வி வேறு. இந்தத் திட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே கொழும்பில் இருந்த இடத்திலிருந்து எழுப்பப்பட்டவர்களுக்கும், தவணை கட்டி வீட்டை வாங்கக்கூடியவர்களுக்கும்தான். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து, பத்து வருடமோ பதினைந்து வருடமோ அந்த நகரத்துக்கு உழைக்கிற ஆளுக்கு, நியாயமான வாடகைக்கு ஒரு அரசாங்க வீடு என்று ஒரு வாசல் எங்கே இருக்கிறது? நான் விசாரித்த இடத்தில் எல்லாம், "விற்க உண்டு, வாடகைக்கு இல்லை" என்றுதான் பதில் வந்தது. எங்கள் ஆட்கள் இல்லாமல் புறக்கோட்டைக் கடைகள் ஒரு காலை திறக்குமா? எந்தச் சாப்பாட்டுக் கடையிலாவது கொத்து ரொட்டி போடுகிற பையனிடம் ஊரைக் கேட்டுப் பாருங்கள். மஸ்கெலியா என்பான், டயகம என்பான், பசறை என்பான்.

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருக்கிறான் என் தம்பி. வீட்டுக்காரர்கள் ஏன் இவ்வளவு முற்பணம் கேட்கிறார்கள் என்று அவனிடம் கேட்டேன். அவன் சொன்ன விவரம் எனக்குப் புதிது. 1972இல் வந்த 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவர்களைக் காப்பாற்ற வந்தது. வாடகையைக் கட்டுப்படுத்தியது, ஆளை எழுப்புவதையும் கடினமாக்கியது. அடுத்த வருடமே ஒருவர் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம் என்று வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. அதனால் வாடகை வீட்டில் இருந்த பலர் அந்த வீட்டுக்கே சொந்தக்காரர் ஆனார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதற்குப் பிறகு வாடகைக்கென்று வீடு கட்டப் பலர் பயந்தார்கள். இருக்கிற வீட்டைக் கொடுத்தவர்களும், ஆள் எழும்பமாட்டார், வழக்கு பல வருடம் இழுக்கும் என்று பயந்து பெரிய முற்பணத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பயம் நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டதே. குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை நீதிமன்றம் மூலம் விரைவாக மீட்பதற்கென்றே வந்த சட்டம் அது என்று தம்பி சொன்னான். அப்படியானால் வீட்டுக்காரரின் பயத்துக்கு மருந்து கொடுத்தாகிவிட்டது. முற்பணம் ஒரு மாதமாவது குறைந்ததா? எங்கள் பக்கத்துக்கு அதே வேகத்தில் என்ன வந்தது? எங்களுடைய 12,000 ரூபாய்க்கு வழக்குப் போட்டால் பஸ் செலவுக்கே அது காணாது.

இன்னொரு விசயம் விலாசம். வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதிய வேண்டும் என்று மகள் இரண்டு வீட்டுக்காரரிடமும் கேட்டாள். இரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள். பதிந்தால் வீட்டில் உரிமை கேட்பார்கள் என்ற அதே பழைய பயம். கரண்ட் பில் பிரதி கேட்டாலும் தரமாட்டார்கள். அரசாங்கப் பாடசாலையில் தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்க, பாடசாலைக்குக் கிட்ட இருப்பவர் என்ற பிரிவில் விண்ணப்பித்தால் வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடம் பெயர் இருந்ததா என்று பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். பதிவு செய்த குத்தகை உறுதிக்கும் புள்ளி உண்டு. எங்களிடம் இருப்பது கொப்பித் தாள். ஆறு வருடமாகக் கொழும்பில் வேலை செய்யும் மகள் காகிதத்தில் இன்னும் பொகவந்தலாவையில்தான் இருக்கிறாள்.

யுத்த காலத்தில், 2007 ஜூனில், கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை இரவோடு இரவாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அப்போது தம்பி கொழும்பில் வேலை பார்த்தான், நாங்கள் இங்கே மூன்று நாள் தூங்கவில்லை. அந்தக் காலம் போய்விட்டது, உண்மை. ஆனாலும் ஒரு நகரத்தில் இருப்பதற்கு ஆதாரமாக ஒரு துண்டுக் காகிதம் கையில் இல்லாமல் இருப்பது எப்படிப்பட்ட பயம் என்று எங்களுக்குத் தெரியும்.

விலாசம் இல்லாத வாழ்க்கை எங்களுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் என்று எல்லா இடத்திலும் பேசினார்கள். நான் பிறந்த லயக் காம்பராவுக்கு வாடகை இல்லை, ஆனால் அது எனக்குச் சொந்தமும் இல்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்குக் கிடைக்கும். 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்துக்கு இந்தியப் பிரதமர் மோடி வந்து, முதலில் சொன்ன 4,000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். எங்கள் டிவிசனுக்கு இன்னும் வரவில்லை. வரும் என்று நம்புகிறேன். ஏழு பேர்ச் அளவுள்ள சிறு காணியில் தனி வீடு என்பது எங்கள் தலைமுறையின் கனவு, அதை யாரும் கைவிடக்கூடாது. ஆனால் பிள்ளைகள் அந்த வீட்டில் இருக்கப்போவதில்லையே. நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆன பிறகும் எங்கள் லயத்தில் இளம் பிள்ளைகள் கொழுந்துக் கூடையை எடுக்கவில்லை. எங்கள் தலைவர்கள் வீடு என்று பேசும்போது மலையில் கட்டும் வீட்டை மட்டும்தான் பேசுகிறார்கள். கொழும்பில், வத்தளையில், கண்டியில் வாடகைக்கு அலையும் எங்கள் பிள்ளைகளின் வீட்டைப் பற்றிப் பாராளுமன்றத்தில் ஒருவராவது கேட்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியமாக எனக்குத் தெரியவில்லை. இனிமேல் கொழும்பில் அரசாங்கம் கட்டும் ஒவ்வொரு தொடர்மாடியிலும் ஒரு பங்கை விற்காமல் வாடகைக்கென்றே வைத்திருக்கட்டும். வெளியூரிலிருந்து வந்து வேலை செய்யும் குடும்பங்கள் சம்பளச் சீட்டைக் காட்டி விண்ணப்பிக்கட்டும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயானது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அந்தச் சம்பளத்தில் இரண்டு பேர் உழைக்கும் குடும்பம் பிள்ளைக்குப் பால்மா வாங்கிய பிறகும் கட்டக்கூடிய வாடகை எவ்வளவு என்று கணக்குப் போட அரசாங்கத்தில் ஆட்கள் இல்லாமலா போவார்கள்? நல்ல உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு அரசாங்க விடுதி உண்டு. கடையில் நிற்கும் பிள்ளைக்கும் ஒன்று இருந்தால் என்ன?

மாடி கட்ட வருடங்கள் ஆகும், பணமும் வேண்டும். ஆனால் முற்பணத்துக்கு ஓர் எல்லை வைப்பதற்குச் செங்கலும் வேண்டாம், சீமெந்தும் வேண்டாம். குறைந்த வாடகை வீடுகளுக்கு இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம் என்று வைக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மாதிரி ஒப்பந்தப் படிவம் ஒன்றைப் பிரதேச செயலகத்தில் கொடுக்கட்டும். எவ்வளவு கட்டினோம், எதற்குக் கழிக்கலாம், விட்டுப் போகும்போது எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பது அதில் இருக்க வேண்டும். தகராறு வந்தால் சட்டத்தரணி வைக்காமல் போய்ச் சொல்ல ஓர் இடம் வேண்டும். சின்னத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம் என்று தம்பி சொல்கிறான். வாக்காளர் இடாப்பில் பெயர் பதிவதால் மட்டும் யாருக்கும் வீட்டில் உரிமை வந்துவிடாது என்பதையும் வீட்டுக்காரர்களுக்கு விளங்குகிற மாதிரி அரசாங்கமே சொல்ல வேண்டும். அந்தப் பயம் போனால் பாதிக் கதவு தானாகத் திறக்கும்.

கடை முதலாளிமாரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் ஐந்து வருடம் நேர்மையாக வேலை செய்த பிள்ளைக்கு முற்பணத்தைக் கடனாகக் கொடுத்து, மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள முடியாதா? சேமலாப நிதியிலிருந்து வீட்டுக்கென்று 30 வீதம் முன்கூட்டியே எடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குப் பத்து வருடச் சேவையும் கணக்கில் மூன்று இலட்சமும் வேண்டும். என் மகளுக்கு இரண்டும் இல்லை. அடகுக் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

பேத்தியை அடுத்த ஜனவரியில் நான் படித்த தோட்டப் பாடசாலையிலேயே சேர்க்கப்போகிறேன். அங்கே ஆசிரியர்மார் நல்லவர்கள், எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த இடம் அது. வெள்ளைச் சட்டைத் துணியை மகள் கடையிலிருந்தே வாங்கி அனுப்பியிருக்கிறாள். முதல் நாள் அவளே வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். லீவு கிடைக்குமா தெரியாது.

என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட வேண்டாம். மகள் இன்னும் அந்த இரண்டாவது அறையில்தான் இருக்கிறாள். அவளுடைய 144,000 ரூபாயும் அந்த வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர்,
பொகவந்தலாவை.